சிங்கப்பூரில் தம்பி சுகமா?

திருச்சி விமான நிலையம். இரவு நேரம்.

வாசலில் ஒரு குடும்பம் நின்றது. அப்பா, அம்மா, அக்காள், அக்காளின் கைக்குழந்தை. நடுவில் ஓர் இளைஞன். வயது 22 இருக்கலாம். புதுச் சட்டை. புதுப் பெட்டி. நெற்றியில் திருநீறு.

அம்மாவுக்கு அழுகை அடங்கவில்லை. "வேளா வேளைக்குச் சாப்பிடு ராசா! மழையிலே நனையாதே!" என்று மகனின் கன்னத்தைத் தடவினார்.

அப்பா அழவில்லை. அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"முதல் சம்பளம் என்றைக்கு என்று கேட்டுச் சொல்லு தம்பி. வட்டிக்காரருக்குப் பதில் சொல்லணும்."

உறவினர் ஒருவரை வழி அனுப்பப் போன நான், இதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விமானம் இன்னும் கிளம்பவில்லை. பையன் சிங்கப்பூர் மண்ணை இன்னும் மிதிக்கவில்லை. அதற்குள் கடன்காரர் வந்துவிட்டார்!

வெளிநாடு போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அனுப்பி வைக்கிற குடும்பத்துக்குப் புத்தி சொல்ல யாரும் இல்லை. புது ஊரில் காலூன்றுவது போகிறவன் ஒருவனுடைய வேலை என்று நாம் நினைத்துக்கொண்டு இருக்கிறோம். அது சரி அல்ல. அதில் பாதி வேலை, வீட்டில் இருப்பவர்களுடையது. இதுதான் என் கட்சி.

பழைய உறவு

சிங்கப்பூர் நமக்குப் புதிய ஊர் அல்ல. 1819ஆம் ஆண்டில் ராபிள்ஸ் என்ற வெள்ளைக்காரர் அங்கே துறைமுகம் அமைத்தார். அதே ஆண்டில், அவருடன் பினாங்கில் இருந்து கப்பல் ஏறிப் போனவர் நாராயண பிள்ளை என்ற தமிழர். அங்கே வீடுகள் கட்டச் செங்கல் வேண்டியிருந்தது. உடனே சூளை போட்டார். 1827ல் மாரியம்மனுக்குக் கோவிலும் எழுப்பினார். அந்தக் கோவில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இன்றும் இருக்கிறது.

இன்று அந்த நாட்டின் 4 ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்று. ரூபாய் நோட்டுப் போல அங்கே புழங்கும் வெள்ளி நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1935ல் கோ.சாரங்கபாணி தொடங்கிய "தமிழ் முரசு" அங்கே வெளிவருகிறது. சிராங்கூன் சாலையில் நடந்தால் மல்லிகைப் பூ வாசனை வரும். தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் கிடைக்கும். வாழை இலையும் கிடைக்கும்.

இதனால் நம்மவர்களுக்கு ஓர் எண்ணம். "சிங்கப்பூர் என்ன வெளிநாடா? நாலு மணி நேரத்தில் போய் இறங்கலாம். பக்கத்து ஊர் மாதிரி!" என்கிறார்கள்.

இதில் பாதிதான் உண்மை. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அது பக்கத்து ஊர். கட்டிட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் போகிறவருக்கு அது வேறு உலகம்!

முதல் வாரம்

அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், வருஷம் முழுவதும் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கு உதிக்கிறது. ஏறக்குறைய 7 மணிக்கு மறைகிறது. குளிர்காலம் என்பதே கிடையாது. வெயில் இருக்கும்போதே மழை கொட்டும்.

தொழிலாளி பொழுது விடியும் முன்பே எழுந்துவிட வேண்டும். அவர் தங்குவது பெரிய விடுதி. ஒரே அறையில் மேலும் கீழுமாக இரட்டைக் கட்டில்கள். புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று 2021ல் முடிவு செய்தார்கள். அப்படி என்றால், அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று யூகித்துக்கொள்ளுங்கள்.

வேலை இடத்துக்குப் பெரும்பாலும் லாரியின் பின்புறம் உட்கார்ந்து போக வேண்டும். விடியற்காலையில் வாங்கிய சோற்றுப் பொட்டலத்தை மத்தியானம் திறப்பார். சில நாள் குழம்பு புளித்துப் போய் இருக்கும்.

முதலாளி சீனராக இருப்பார். மேஸ்திரி வங்காளதேசத்துக்காரராக இருப்பார். பாதி ஆங்கிலம், பாதி சைகை! "சீக்கிரம்" என்று சொல்கிறாரா, "நிறுத்து" என்று சொல்கிறாரா என்பது முதல் வாரம் புரியாது. கிரேன் அசைகிற இடத்தில் இந்த இரண்டும் மாறிப்போனால் உயிருக்கே ஆபத்து.

ஆகவேதான், முதன்முதலாக வரும் தொழிலாளிக்கு அங்கே ஒரு நாள் பயிற்சி வைத்திருக்கிறார்கள். 2018ல் கட்டிடத் தொழிலில் தொடங்கிய ஏற்பாடு இது. சம்பளம், உரிமை, ஊர்ப் பழக்கம் எல்லாவற்றையும் தாய்மொழியிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்த வகுப்பில் தூங்காமல் கேட்பவன் பாதிக் கிணறு தாண்டியவன்!

இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு பழகிவிடும். காதும் பழகிவிடும். மனசு பழகுவதுதான் கஷ்டம். அதற்குக் காரணம் அந்த ஊர் அல்ல. கடன்!

ஒரு கணக்கு

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு மாதம் 800 வெள்ளி சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்றால், 52,000 ரூபாய். கேட்கவே குளுகுளு என்று இருக்கிறது, இல்லையா?

சாப்பாட்டுக்கு 160 வெள்ளி. போனுக்கு 20. சோப்பு, எண்ணெய், முடிவெட்டு, துணிமணிக்கு 40. ஞாயிற்றுக்கிழமை பஸ், ரயில், டீ, பலகாரத்துக்கு 50. திடீர்ச் செலவுக்கு என்று கையில் 30. ஆக மொத்தம் 300 வெள்ளி. மீதி 500 வெள்ளியை வீட்டுக்கு அனுப்புகிறார். நம் பணத்தில் 32,500 ரூபாய்.

போவதற்காக 3 லட்சம் ரூபாய் கடன். நூற்றுக்கு இரண்டு வட்டி. மாதம் 6,000 ரூபாய் வட்டிக்கே போகிறது! வீட்டுச் செலவுக்கு 12,000 எடுத்துக்கொண்டால், அசலில் முதல் மாதம் கழிவது 14,500 ரூபாய்தான். இப்படியே ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால், கடன் அடைய ஏறக்குறைய 18 மாதம் ஆகும்.

வேலை பெர்மிட் ஒரு தடவைக்கு அதிகம் போனால் 2 வருஷம். அதாவது 24 மாதம். அதில் 18 மாதம் தம்பி உழைப்பது தனக்காக அல்ல, குடும்பத்துக்காகவும் அல்ல. வட்டிக்காரருக்காக!

இதே கடன் 1 லட்சமாக இருந்தால்? அதே கணக்கில் 6 மாதத்துக்குள் தீர்ந்துவிடும். ஆக, பையன் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்பதைவிட, எவ்வளவு கடனோடு போனான் என்பதே பெரிய விஷயம்.

நம் நாட்டில் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆள் அனுப்பும் ஏஜெண்டு அரசாங்கத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் தன் கூலியாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும், அதற்குரிய வரியும்தான். சிங்கப்பூரில் உள்ள ஏஜெண்டுக்கும் வரம்பு உண்டு. ஒரு வருஷ வேலைக்கு ஒரு மாதச் சம்பளம். எப்படிப் போனாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது.

"எல்லாரும் லட்சக்கணக்கில் கொடுத்துத்தானே போகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்கிறார்கள். ரசீது கேட்காமல் கொடுக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறார்கள்! நிலத்தை அடமானம் வைக்கும் முன், ஏஜெண்டின் பதிவு எண் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? நல்லவர் என்றால் காட்டுவார். கோபித்துக்கொண்டால், அவரிடம் பணம் கொடுக்காமல் தப்பித்தீர்கள் என்று அர்த்தம்.

காகிதம் பேசும்

கிளம்பும் முன்பே ஒரு கடிதம் வரும். தொழிலாளிகள் அதை "ஐ.பி.ஏ." என்பார்கள். வேலைக்கு அனுமதி கொடுக்கும் கடிதம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். தொழிலாளியின் தாய்மொழியிலும் கிடைக்கும்.

இதை வீட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். அம்மாவும் கேட்கட்டும். ஏஜெண்டு வாயால் சொன்ன சம்பளம் வேறு, கடிதத்தில் உள்ள சம்பளம் வேறு என்றால், கடிதத்தில் உள்ளதுதான் சம்பளம்! ஒரு பிரதியை வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சம்பளக் காலம் முடிந்து 7 நாளைக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும். கூடுதல் நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. 2016ஆம் ஆண்டு முதல், விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது கட்டாயம்.

வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் 5,000 வெள்ளி ஜாமீனும், மாதாமாதம் கட்டும் தீர்வையும் முதலாளியின் பொறுப்பு. அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வைத்தியச் செலவும், அதற்கான காப்பீடும் முதலாளியுடையதே. வேலையில் அடிபட்டால் யார் மேல் தப்பு என்று பார்க்காமல் நஷ்டஈடு கேட்கச் சட்டம் இருக்கிறது. பாஸ்போர்ட் தொழிலாளியுடையது. அதை அவரே வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் இருந்தால் போதுமா? கேட்க வாய் வேண்டும். தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கமும் சேர்ந்து 2009ல் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கு ஓர் உதவி நிலையம் தொடங்கின. மனிதவள அமைச்சிலும் புகார் கொடுக்கலாம். ஆனால், தலைக்கு மேல் கடன் உள்ளவன் வாயைத் திறப்பானா? "ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது?" என்ற பயம் தொண்டையை அடைக்கிறது. ஆகவே கடன் என்பது பணக் கஷ்டம் மட்டும் அல்ல. அது வாய்ப்பூட்டு!

ஊரோடு ஒத்து வாழ்

அந்த ஊரின் கண்டிப்பு உலகம் அறிந்தது. தெருவில் குப்பை போட்டால் அபராதம். சூயிங்கம் விற்க 1992 முதல் தடை. மெல்லும் புகையிலை கொண்டுபோகக் கூடாது. போதைப் பொருள் கடத்தினால், அளவைப் பொறுத்து மரண தண்டனை வரை உண்டு. ஆகவே, யாரோ கொடுத்த பொட்டலத்தை "அங்கே ஒருவரிடம் சேர்த்துவிடு" என்றால் வாங்கவே கூடாது. மாமா கொடுத்தாலும் சரி, மச்சான் கொடுத்தாலும் சரி, பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும்.

2013 டிசம்பர் 8ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியாவில் பஸ் மோதித் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். கூட்டம் கொதித்தது. வண்டிகள் எரிந்தன. பிறகு 57 பேர் ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒரு ராத்திரி ஆத்திரத்தில் 57 குடும்பங்களின் பிழைப்புப் போயிற்று! 2015 முதல், இரவு பத்தரை மணிக்கு மேல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிப்பது குற்றம். லிட்டில் இந்தியாவில் கட்டுப்பாடு இன்னும் அதிகம்.

சட்டத்துக்குப் பயந்து நடப்பது கோழைத்தனம் அல்ல. பிறர் ஊரில் அது மரியாதை.

"நல்லா இருக்கேம்மா!"

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்கிறான். இந்தக் காலத்தில் முகம் பார்த்தே பேசலாம். அம்மா கேட்கிறார்: "எப்படி இருக்கே ராசா?"

"நல்லா இருக்கேம்மா."

அவன் ஒரு கையைப் போனுக்குக் கீழே மறைத்துக்கொண்டு பேசுகிறான். விரலில் கட்டு. அம்மா பார்த்துவிடக் கூடாது!

இந்தப் பக்கம் அப்பாவும் மறைக்கிறார். வட்டி இரண்டு மாதம் பாக்கி. "அதெல்லாம் கட்டியாச்சு தம்பி. நீ கவலைப்படாதே" என்கிறார்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பாசத்தால் மறைக்கிறார்கள். ஆனால் பலன் என்ன? பையன் நன்றாக இருக்கிறான் என்று நம்பி, வீட்டில் மாடி கட்டத் தொடங்குகிறார்கள். வட்டி கட்டியாகிவிட்டது என்று நம்பி, பையன் தங்கை கல்யாணத்துக்கு 10 பவுன் போடுவதாக வாக்குக் கொடுக்கிறான். முதல் கடன் தீரும் முன் இரண்டாவது கடன்! இரண்டு வருஷத்தில் திரும்பி வருவதாகப் போனவன் பத்து வருஷம் இருந்துவிடுகிறான். அவன் பிள்ளை அவனைப் போனில் பார்த்தே வளர்கிறது. சாதாரண வேலை பெர்மிட்டில் இருப்பவர் மனைவி மக்களை அழைத்து வைத்துக்கொள்ள அங்கே அனுமதி இல்லை என்பது பலருக்குப் போன பிறகுதான் தெரிகிறது.

2020ஆம் ஆண்டு கொரோனா வந்தது. ஏப்ரல் மாதம் தொழிலாளர் விடுதிகளை அடைத்தார்கள். விடுதிகளில் இருந்த சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் பேரில் 47 சதவீதம் பேருக்கு அந்த ஆண்டு முடிவதற்குள் நோய் தொற்றி இருந்தது என்று பரிசோதனைகளில் தெரிந்தது. நல்லவேளையாக, மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் மாதக்கணக்கில் அறையைவிட்டு வெளியே போக முடியாமல், நான்கு சுவருக்குள் கிடந்தார்கள்.

அப்போது அவர்களுக்கு வேண்டியிருந்தது என்ன? பணமா? இல்லை. "பயமாக இருக்கிறது அம்மா" என்று சொல்ல ஒரு காது! வழக்கமாக "நல்லா இருக்கேன்" என்று மட்டுமே பேசிப் பழகிய வாய்க்கு, அன்றைக்கு உண்மையைச் சொல்ல எப்படி வரும்?

வீட்டார் பங்கு

ஆகவே வீட்டில் இருப்பவர்களுக்கு என் யோசனைகள்:

பையன் போன முதல் ஆறு மாதம், புதுச் செலவு எதற்கும் அச்சாரம் கொடுக்காதீர்கள். மாடியும் வேண்டாம். மோட்டார் சைக்கிளும் வேண்டாம்.

ஒரு நோட்டுப் போடுங்கள். வந்த பணம், கட்டிய வட்டி, மீதி அசல் மூன்றையும் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த தங்கையோ மனைவியோ எழுதட்டும். மாதம் ஒரு தடவை அதைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்புங்கள். அசல் குறைவதைப் பார்த்தால், அவனுக்குப் பத்து மாத்திரை சாப்பிட்ட தெம்பு வரும்!

தம்பி பெயரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கட்டும். மாதம் 2,000 ரூபாயாவது அதில் போடுங்கள். சொந்த நாட்டாருக்கு அங்கே சேமநிதி உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கிடையாது. இந்தச் சேமிப்புத்தான் அவனுடைய சேமநிதி.

வேலையில் தேர்ச்சி பெறத் தூண்டுங்கள். காரணம் சொல்கிறேன். கட்டிடத் தொழிலில் தேர்ச்சி இல்லாத நம் ஊர்த் தொழிலாளிக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி தீர்வை கட்டுகிறார். தேர்ச்சி பெற்றவருக்கு 500 வெள்ளிதான். இது 2024 முதல் உள்ள கணக்கு. அப்படி என்றால் முதலாளி யாரை வைத்துக்கொள்வார்? ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகிறேன் என்று பையன் சொன்னால், "அந்தப் பணத்தை இங்கே அனுப்பு" என்று சொல்லாதீர்கள். வாயார வாழ்த்துங்கள்!

அபசகுனமா?

"நல்ல காரியமாகப் போகிறான். போகிற நேரத்தில் கடன், காயம், புகார் என்று பேசுவது அபசகுனம் அல்லவா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள்.

அடைமழைக் காலத்தில் மகனை வெளியே அனுப்பும்போது குடை கொடுக்கிறோம். அது மழை வரட்டும் என்று சொல்வதா? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொன்னவர்களும் நம் பெரியவர்கள்தானே!

நான் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போகட்டும். போய் நன்றாக இருப்பவர்கள் ஏராளம். கடனை அடைத்து, தங்கைக்குக் கல்யாணம் செய்து, ஊர் திரும்பிச் சொந்தப் பட்டறை வைத்தவர்களும் உண்டு. அவர்களை விசாரித்துப் பாருங்கள். குறைந்த கடனோடு போயிருப்பார்கள். தொழில் கற்றிருப்பார்கள். வீட்டில் கணக்குத் தெரிந்த ஒருவர் இருந்திருப்பார்.

அன்று விமான நிலையத்தில் பையன் உள்ளே போய்விட்டான். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. அம்மா கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா என் பக்கம் திரும்பி, "சின்னப் பிள்ளை சார், சமாளிச்சுக்குவானா?" என்று கேட்டார். அதுவரை அடக்கி வைத்திருந்த கண்ணீர் அப்போதுதான் வந்தது.

"சமாளிப்பான் ஐயா. நீங்கள் அவனிடம் எதையும் மறைக்காமல் பேசினால், அவனும் உங்களிடம் மறைக்காமல் பேசுவான்" என்றேன்.

உங்கள் வீட்டிலும் அக்கரையில் ஒரு தம்பி இருக்கலாம். இன்று ஞாயிற்றுக்கிழமை. போன் வரும். "எவ்வளவு அனுப்புகிறாய்?" என்று முதலில் கேட்காதீர்கள்.

"சாப்பிட்டாயா? கையைக் காட்டு பார்க்கலாம். நிஜமாகவே சுகமா?" என்று கேளுங்கள்.

பதில் வரச் சிறிது நேரம் ஆகும். காத்திருங்கள்!